அக்கா நின்ன இடம்

கடலுக்கு அந்தாண்ட, மழை விட்டாலும் மரம் விடாம சொட்டிக்கிட்டே இருக்குற மலாய்க் காட்டுல, வெள்ளைக்காரன் ரோடு போடக் கிளம்பின காலத்துல, ஒரு அளவுச் சங்கிலி இருந்துச்சு. இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி. முனைக்கு ஒண்ணா ரெண்டு பித்தளைக் கைப்பிடி. அந்த ரெண்டு கைப்பிடியும் அக்கா தங்கச்சி.

அக்கா தங்கச்சின்னா சும்மா வாய்ப்பேச்சுக்கு இல்ல, ரெண்டும் ஒரே குடத்துல இருந்து வந்ததுங்க. அந்தக் குடத்துக்கும் ஒரு கதை இருக்கு. அது நம்ம சோழநாட்டுப் பக்கத்துக் குடம். ஒரு வீட்டுல மாமியாளும் மருமகளும் வாய்க்காலுக்கு யாரு தண்ணிக்குப் போறதுன்னு சண்டை. ரெண்டு பேருக்கும் போகத்தான் ஆசை. வீட்டுல இருந்தா கிழவனோட இருமலைக் கேக்கணும், வாய்க்காலுக்குப் போனா ஊர்க்கதை கேக்கலாம். நீ விடு, நீ விடுன்னு ஆளுக்கொரு பக்கம் இழுத்ததுல குடத்துக் கழுத்து கையோட வந்துருச்சு. கழுத்து மாமியா கையில, வயிறு மருமக கையில. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக் கொல்லுனு சிரிச்சுட்டாளுங்களாம். கிழவன் இருமலை நிறுத்திட்டு என்னடின்னு கேட்டானாம். அது கிடக்கட்டும், நான் சங்கிலிக்கு வர்றேன். உடைஞ்ச குடம் கைமாறிக் கைமாறி, கப்பலேறி, துறைமுகத்துப் பட்டறையில உருகிச்சு. சங்கிலியோட பழைய இரும்புப் பிடி துருவேறிப் போச்சுன்னு, அந்தப் பித்தளையில ரெண்டு பிடி வார்த்து மாட்டினாங்க. பெரியவ முன் முனையில. சின்னவ பின் முனையில.

அளக்குற வேலை எப்படின்னா, பெரியவளைப் பிடிச்சவன் முன்னால போவான். சங்கிலி விறைப்பா நின்னதும், பெரியவ இருக்குற இடத்துல ஒரு இரும்பு அம்பைத் தரையில குத்திட்டு மறுபடி கிளம்பிருவான். சின்னவளைப் பிடிச்சவன் பின்னாலயே வந்து, அந்த அம்புகிட்ட சின்னவளை வச்சு நிப்பான். முன்னால இருக்குறவன் அடுத்த அம்பைக் குத்தினதும் இவன் இந்த அம்பைப் பிடுங்கிக்கிட்டு நடப்பான். நாள் பூரா அதே வேலை.

அப்போ பாருங்க, அக்கா எங்க நின்னாளோ அங்கதான் சின்னவ வந்து நிப்பா. ஆனா அவ வந்து சேர்றப்ப அக்கா அங்க இருக்க மாட்டா. அந்தாண்ட போயிருப்பா. நடுவுல நூறு கண்ணி.

"அம்பு அண்ணே, அக்கா என்ன சொன்னா?" சின்னவ ஒவ்வொரு இடத்துலயும் கேப்பா.

அம்பு தலையில சிவப்புத் துணி கட்டிக்கிட்டு, சேத்துல முக்கால்வாசி முழுகி நிக்கும். "இந்த எடத்துல அட்டை ஜாஸ்தி, சின்னவளைப் பாத்து வரச்சொல்லுன்னா."

"வேற?"

"வேற என்ன வேற? குத்தின உடனே ஓடுறா. நான் என்ன அவகூட உக்காந்து வெத்தலையா போட்டேன்?"

சின்னவளுக்கு அதுவே போதும். அட்டையப் பத்திச் சொன்னாளே, நம்மள நெனச்சாளே.

இப்ப பிடிச்சவங்க கதை. பெரியவளைப் பிடிச்சு முன்னால போறவன் சோணமுத்து. சின்னவளைப் பிடிச்சு பின்னால வர்றவன் அடைக்கலம். அடைக்கலத்தோட கூடப் பொறந்த தங்கச்சி காத்தாயிதான் சோணமுத்து பொண்டாட்டி. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்தவங்க. கிளம்புறப்ப காத்தாயி புருசன்கிட்ட ஒண்ணும் சொல்லல. அண்ணன்கிட்டதான் சொன்னா. "அண்ணே, அவரு காலு ஒரு எடத்துல நிக்காது. அவர நம்பி அனுப்பல, உன்ன நம்பி அனுப்புறேன். கூட்டிக்கிட்டுப் போற மாதிரியே கூட்டிக்கிட்டு வந்துரு." அடைக்கலம் அவ தலையில கையவச்சுச் சரின்னான். தலையில கையவச்ச பேச்சு.

துறைமுகத்துல இருந்து மலைக்கு அந்தப்பக்கம் இருக்குற தங்கமேடு வரைக்கும் ரோடு. அங்க மண்ணைத் தோண்டினா தங்கம் வருதுன்னு பேச்சு. சீனன் தோண்டுறான், வெள்ளைக்காரன் தோண்டுறான், எல்லாம் காட்டுக்குள்ள ஆத்து வழியாவும் ஆனை வழியாவும் போனவங்க. ரோடு கிடையாது. அதை அளக்கத்தான் கிரேக் துரை கிளம்பினாரு. ஒல்லியா, மூக்கு மட்டும் தக்காளி மாதிரி செவந்து, கொசுவை இங்கிலீசுலயும் குடையைத் தமிழுலயும் திட்டுற மனுசன்.

வேலை நடக்குறப்ப மச்சானும் மாப்ளையும் கத்திக் கத்திப் பேசிக்குவாங்க. நடுவுல அவ்வளவு தூரம் இருக்கே.

"மச்சான்! ஆமையக் கட்டிக்கிட்டவன் மாதிரி வர்றியே, காலை எடுத்து வையி!"

"மாப்ளே, முன்னால புலி இருந்தா உன்னைத்தான் மொதல்ல திங்கும். எனக்கென்ன அவசரம்?"

"தின்னுட்டு உன்கிட்ட வந்து ஏப்பம் விடும் பாரு!"

"விடட்டும். உன் வாய் அதோட வயித்துல போனா அது ஒரு வாரம் தூங்காது!"

நடுவுல இருக்குற கண்ணிங்களுக்குச் சிரிப்பு தாங்காது. சலசலன்னு குலுங்கும். துரை பின்னால இருந்து "சங்கிலி நேரா! நேரா!"ன்னு கத்துவாரு.

சாயங்காலம் ஆனா சங்கிலிய மடிக்கணும். அதை முனையில இருந்து மடிக்க மாட்டாங்க. நடுவுல பிடிச்சு, ரெண்டு ரெண்டு கண்ணியாச் சேத்து மடிச்சுக்கிட்டே வந்தா, கடைசியில ரெண்டு பிடியும் ரெண்டு பக்கத்துல இருந்து தரையில இழுபட்டுக்கிட்டு வந்து ஒண்ணா சேந்துக்கும். சின்னவ நாள் பூரா அந்த நேரத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பா. புல்லுலயும் சேத்துலயும் அரைபட்டு இழுபட்டுக்கிட்டு வந்தாலும் அவளுக்கு வலிக்காது. அக்கா வர்றா, அக்கா வர்றா.

மொதல்ல எல்லாம் அக்கா வாய் ஓயாம சொல்லுவா. "சின்னவளே, இன்னிக்கு ஒரு பூ பாத்தேன்டி. ஆள் அகலம் இருக்கும், செக்கச்செவேல்னு. கிட்டப் போனா பொணநாத்தம்!" "ஒரு மரம், அதுக்கு வேர் மேல இருந்து கீழ வருது. தலைகீழா மொளச்சதோ என்னமோ." சின்னவ மூச்சு விடாம கேப்பா. அதே பூவை, அதே மரத்தை அவளும் பகல்ல பாத்திருப்பா. இருந்தாலும் அக்கா சொன்னாத்தான் அது பூவு, அது மரம்.

இந்த முளைங்க கதையையும் சொல்லிட்டுப் போயிடறேன், இல்லாட்டி மறந்துரும். ரோடு போற வழிக்கு அடையாளமா அங்கங்க மரக்குச்சியச் சீவி முளையா அடிப்பாங்க. அடிச்ச எடத்துலயே அதுங்க தனியா நிக்கணும். "எங்களை விட்டுட்டுப் போறீங்களே"ன்னு ஒண்ணொண்ணும் அழும். ஒரு முளை மட்டும் அழல. அது பச்சை மரத்துல சீவின முளை, அடிச்ச எடம் வேற ஈரம். நாலு மழையில துளுத்துப் போச்சு! இலைவிட்டு, பக்கக் கொம்பு விட்டு நின்னுக்கிட்டு இருந்துச்சு. துரை திரும்பி வந்து "எங்கடா முளை?"ன்னு தேடினா, அது "எந்த முளை?"ன்னு கேட்டுச்சாம். நட்ட எடத்துல வேர்விட்டுக்கிற ஜாதி அது. எல்லாராலயும் அப்படி முடியுமா?

பெரியவளால முடியல.

அவ மனசு எப்பத் திரும்பிச்சுன்னா, ஒரு மத்தியானம் சோணமுத்து ஓடைக்கரையில உக்காந்து அவளை ஆத்துமணல் போட்டுத் தேச்சான். நல்லாத் தேச்சு, வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். "அட, தேச்சா நீயும் தங்கந்தான்டி!"ன்னான். சும்மா சொன்னதுதான். பெரியவ அதை நெஞ்சுல முடிஞ்சுக்கிட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்ததும் சின்னவ கேட்டா, "இன்னிக்கு என்னக்கா பாத்த?"

"ஒண்ணும் பாக்கல."

"அந்தக் கல்லு மேல பல்லி மாதிரி ஒண்ணு இருந்துச்சே, பறந்துச்சே!"

"சின்னவளே, நமக்கு ஒறவு இருக்காங்கடி. தங்கமேட்டுல. நம்ம நிறம், நம்ம பளபளப்பு. நம்மள யாரோ குடமா அடிச்சுட்டாங்க, அவங்களை அடிக்கல, அவ்வளவுதான். நான் போனா சேத்துக்குவாங்க. அங்கயே இருந்துருவேன்."

"அப்ப நானு?"

பெரியவ "நீயும்தான் வருவ. எனக்குப் பின்னாலயே வருவல்ல?"ன்னா.

பின்னாலதான் வருவேன், பக்கத்துல எப்பக்கா வருவேன்னு சின்னவளுக்குக் கேக்கத் தோணிச்சு. கேக்கல.

அன்னையில இருந்து பெரியவ இழுக்க ஆரம்பிச்சா. சோணமுத்துவும் இழுத்தான். அவனுக்கும் அதே நெனப்பு. தங்கமேட்டுல இருந்து வந்த ஒரு சீனன், மண்ணுக்குள்ள கையவிட்டாப் போதும்னு சொல்லிட்டுப் போயிருந்தான். அந்தச் சீனன் ஏன் கிழிஞ்ச சட்டையோட திரும்பிப் போறான்னு சோணமுத்து கேக்கல. துரைகிட்ட இருந்த தெசை காட்டுற காம்பஸ் கேட்டுச்சு. காம்பஸ்தான் எல்லாத்துக்கும் குறை சொல்லும். "அவன் ஏன் தெக்க பாத்துப் போறான்? போறதுன்னா வடக்க பாத்துப் போகணும்"னுச்சு. அதோட முள்ளு எப்பவும் வடக்கயே பாத்துக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருக்கும். வடக்க உனக்கு யாரு இருக்கான்னு கேட்டா, "தெரியாது. ஆனா அங்கதான்"னு சொல்லும். அதுக்கு மேல கேட்டா முள்ளு சுத்த ஆரம்பிச்சுரும், பாவமா இருக்கும். கேக்காம விட்டுருவாங்க.

இழுக்க இழுக்க, பெரியவளைச் சங்கிலியோட மாட்டியிருந்த வளையம் வாயைத் திறக்க ஆரம்பிச்சுச்சு.

"ஏய் வளையம், வாயை மூடுடா!" சின்னவ அந்த முனையில இருந்து கண்ணி வழியா சொல்லி அனுப்புவா.

"நான் என்னம்மா பண்றது? அவ இழுக்குறா, நான் திறக்குறேன். வாயை மூடச் சம்மட்டி வேணும். அவகிட்ட சொல்லு."

வாரத்துக்கு ஒரு நாள் சங்கிலியச் சரிபாக்கணும். முகாம்ல துரை இரும்புக்கோல் வச்சு அளந்து ரெண்டு கல்லு நட்டிருப்பாரு. சங்கிலிய விரிச்சா முனை ரெண்டும் அந்தக் கல்லு ரெண்டுக்கும் நேரா வரணும். நீண்டு போயிருந்தா கொல்லன்கிட்டக் குடுத்து வளையத்தை அடிச்சு மூடணும். மலைக்கு இந்தப் பக்கம் கொல்லன் துறைமுகத்துலதான். போயிட்டு வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துரும், ஓடையெல்லாம் ஆறாயிரும், அப்புறம் தங்கமேடு அடுத்த வருசந்தான்.

சோணமுத்து என்ன பண்ணினான்னா, சரிபாக்குற அன்னிக்குப் பெரியவளை உள்ளங்கைக்குள்ள மடக்கி வச்சுக்கிட்டு, கல்லுக்கு நேரா பெருவிரலை நீட்டி, "சரியா இருக்கு துரை!"ன்னான். துரை கொசுவை அடிச்சுக்கிட்டே தலைய ஆட்டிட்டாரு.

அடைக்கலம் பாத்துட்டான். துரை கூடாரத்துக்குள்ள போனதும் கிட்ட வந்து பெரியவளைப் பிடிச்சுத் திருப்பினான். வளையத்துக்குள்ள நகக்கண் நுழையுற சந்து.

"மாப்ளே, இது என்ன?"

"ஒண்ணுமில்ல மச்சான். இன்னும் கொஞ்ச தூரந்தான். தாங்கும்."

"பிய்ஞ்சு வந்துச்சுன்னா?"

"நீ ஒண்ணு! நீ உன் தங்கச்சி மாதிரியே. அடுப்புல பால வச்சுட்டு, பொங்குமா பொங்குமான்னு பக்கத்துலயே நிப்பா. நின்னா பொங்குமா?"

"அவள இழுக்காத. அவ அங்க பால் வச்சுக்கிட்டு நிக்கல. உனக்காக நிக்குறா."

சோணமுத்து தரையப் பாத்தான். "மச்சான், வெறுங்கையோட போயி அவ முன்னால நிக்கச் சொல்றியா? கடல் தாண்டி வந்தது சங்கிலி இழுக்கவா? ஒரு தடவை போயிப் பாத்துக்கறேன். பாத்துட்டு, சத்தியமா, உன் பின்னாலயே வந்துடறேன். துரைகிட்டச் சொல்லிராத. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

தங்கச்சி புருசன் காலைப் பிடிக்க வர்றான். யாருக்குத்தான் மனசு கல்லா இருக்கும்? அடைக்கலம் அவன் தோளைப் பிடிச்சு நிமித்தி, "சரி விடு"ன்னு சொல்லிட்டான்.

சின்னவ அவன் கையில இருந்துக்கிட்டு, சொல்லுடா, துரைகிட்டச் சொல்லுடான்னு அரிச்சா. கை வியர்த்துச்சே தவிர சொல்லல. அவ அக்கா போயிருவாளோன்னு பயந்தா. அவன் மாப்ளை போயிருவானோன்னு பயந்தான். ஆனா பிடிச்சு நிறுத்தினா வெறுத்துருவாங்களோன்னு அதுக்கும் மேல பயம். பிரியத்துல இப்படி ஒரு கோழைத்தனம் இருக்கு.

மலை ஏறி, மலை இறங்கி, ஒரு காலையில தங்கமேடு கண்ணுல பட்டுருச்சு. மரமெல்லாம் வெட்டின மொட்டை மேடு, புகை, சேறு, நடுவுல ஒரு தகரக் கொட்டகை. மேட்டு எல்லையில சுண்ணாம்பு அடிச்ச ஒரு கட்டை நட்டிருந்துச்சு. அதுவரைக்கும் அளந்தா வேலை முடிஞ்சுது.

கடைசி அளவு என்னிக்கும் முழுச் சங்கிலியா வராது. மிச்சம் இருக்குற தூரம் சங்கிலிய விடக் குறைச்சலா இருக்கும். அப்ப முன்னால போறவன் எல்லைக்கட்டையத் தாண்டி இழுத்துக்கிட்டுப் போவான். பின்னால இருக்குறவன் கடைசி அம்புகிட்டயே நிப்பான். துரை எல்லைக்கட்டைகிட்ட நின்னு, அங்க எந்தக் கண்ணி வருதுன்னு எண்ணிக்குவாரு. அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தைச் சின்னவ மறந்துட்டா. வழியெல்லாம், கடைசியில நானும் அங்க போவேன், அக்கா எல்லைக்கட்டைகிட்ட நிப்பா, நான் போயி ஒட்டி நிப்பேன்னு நெனச்சுக்கிட்டே வந்திருக்கா. அடைக்கலம் கடைசி அம்புகிட்டக் குந்தி அவளைத் தரையில அழுத்திப் பிடிச்சதும்தான் அவளுக்கு உறைச்சுது.

"போ! இன்னும் போ!" அவ கத்துறா. "அக்கா உள்ள போறா! என்னையும் விடு!"

அடைக்கலம் விடல. விட்டா அளவு தப்பிரும்.

அந்தாண்ட சோணமுத்து எல்லைக்கட்டையத் தாண்டிட்டான். துரை "போதும்! நில்லு!"ன்னாரு. அவன் நிக்கல. பெரியவளும் நிக்கல. இன்னும் ஒரு இழுப்பு.

வளையம் வாயைப் பொளந்துருச்சு.

சின்னவளுக்குச் சத்தம் கேக்கல. அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இழுப்பு நின்னுபோச்சு. பட்டறையில மாட்டின நாள்ல இருந்து அவ உடம்புல அந்த இழுப்பு இருந்துச்சு. சில நாள் கோவமா வரும், சில நாள் விளையாட்டா. அதைத்தான் இவ்வளவு நாளும் அவ பாரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தா. இப்ப நூறு கண்ணியும் புல்லுல பொத்துனு விழுந்து செத்த பாம்பாட்டம் கிடக்குது.

"என்னாச்சு? என்னாச்சு?"ன்னு கண்ணிங்க ஒண்ணையொண்ணு கேட்டுக்கிச்சு.

வெயில் தாழுறப்ப சோணமுத்து வந்தான். கையில குத்தாம மிச்சம் இருந்த அம்பு இருந்துச்சு. பெரியவ இல்ல.

"மச்சான், நான் இங்கயே இருக்கேன். சுரங்கத்துல ஆள் எடுக்குறாங்க. கொஞ்ச நாள். அப்புறம் வந்துடறேன்."

"சத்தியம் பண்ணினியே மாப்ளே."

"பண்ணினேன்." அவன் அம்பை நீட்டினான். "அந்தப் பிடி பள்ளத்துல விழுந்துருச்சுன்னு துரைகிட்டச் சொல்லிரு. அது எங்கிட்ட இருக்கட்டும். கையிலயே இருந்து பழகிப்போச்சு."

"காத்தாயிகிட்ட என்ன சொல்ல?"

சோணமுத்து "நல்லா இருக்கேன்னு சொல்லு"ன்னான். திரும்பிப் பாக்காமப் போயிட்டான். அடைக்கலம் அவன் சட்டையப் பிடிச்சு இழுத்திருக்கலாம். அம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

சின்னவ அம்பைக் கேட்டா. "அண்ணே, அக்கா என்ன சொன்னா?"

அம்பு இந்த வாட்டி கிண்டல் பண்ணல. "கொட்டகையில ஒரு பெட்டி திறந்திருந்துச்சு. உள்ள தங்கம், செங்கல்லாட்டம் அடுக்கியிருந்துச்சு. காவக்காரன்கிட்ட இவன் பேசுறப்ப உங்கக்கா பெட்டிய எட்டிப் பாத்து, 'நான் வந்துட்டேன், உங்ககூட இருக்கத்தான் வந்தேன்'னா. அதுங்க நல்லவிதமாத்தான் பேசிச்சு. 'வாம்மா. ஆனா நாங்க இங்க இருக்கப் போறதில்லையே. எங்களைக் கீழ கொண்டு போகத்தானே இந்த ரோடு. எப்ப முடியும் எப்ப முடியும்னு காத்துக்கிட்டு இருக்கோம்'னுச்சு."

"அக்கா?"

"அவன் உள்ளங்கைக்குள்ள ஒடுங்கிக்கிட்டா."

மறுநாள் தங்கமேட்டுக் கொல்லன் ஒரு கம்பிய வளைச்சு, பெரியவ இருந்த முனையில மாட்டினான். துரை வந்த வழியே மறுபடி அளந்துக்கிட்டுத் திரும்பணும்னுட்டாரு. திரும்புறப்ப முனை மாறிரும். சின்னவ முன்னால. புதுக் கம்பி பின்னால. அதைப் பிடிக்க, அளவு நேராப் போகக் கொடி பிடிக்குற சன்னாசி.

முன்னால போகணும்னு சின்னவளுக்கு ஒரு காலத்துல எவ்வளவு ஆசை! இப்பப் போறா. போற வழியெல்லாம் முளைங்க நிக்குது. அக்கா நின்ன எடமெல்லாம் அவளுக்குத் தெரியுது. இந்தக் கல்லு, இந்த வேர், இந்தச் சேறு.

"எங்கம்மா உங்கக்கா?" முதல் முளை கேட்டுச்சு.

"வரல."

"எங்க உங்கக்கா?" அடுத்த முளை.

"வரல."

ரெண்டுங்கெட்டான் முளை ஒண்ணு, "அப்ப முன்னால போறவ நீயா? உன்னைப் பின்னால இருந்து யாரு பாத்துக்குறா?"ன்னு கேட்டுருச்சு. சின்னவளுக்கு அந்த நேரம்தான் அக்காளோட பகல் எல்லாம் புரிஞ்சுது. முன்னால போறவளுக்கு ஒருத்தர் நின்ன எடம்னு எதுவும் கிடையாது. அவ கால் வைக்கிற எடமெல்லாம் யாரும் நிக்காத எடம். தனக்காச்சும் அக்கா நின்ன எடம் இருந்துச்சு. அக்காவுக்கு என்ன இருந்துச்சு? பின்னால நூறு கண்ணி தள்ளி ஒருத்தி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்குற அந்த கனம் ஒண்ணுதானே?

அவளுக்கு அதுக்கு மேல இழுக்க மனசு வரல. அடைக்கலமும் இழுக்கல. சங்கிலி தொய்ஞ்சு தொய்ஞ்சு கிடந்துச்சு. துறைமுகம் வந்து கணக்குப் பாத்தா, துரை மூக்கு இன்னும் செவந்துருச்சு. "போகும்போது ஒரு தூரம், வரும்போது வேற தூரமா? வரும்போது ரோடு நீண்டு போச்சா?"

"நீண்டுதான் போச்சு துரை"ன்னான் அடைக்கலம். அவன் கிண்டலுக்குச் சொல்லல.

ரோடு போட்டாங்க. மரம் வெட்டி, பாலம் கட்டி, சரளை கொட்டி. எத்தனை பேரு காய்ச்சல்ல போனாங்கன்னு அந்தச் சரளைக்குத்தான் தெரியும். சங்கிலியக் கொண்டுவந்து ரோட்டோரச் சாமான் கொட்டகையில ஆணியில மாட்டினாங்க. அடைக்கலம் அந்தக் கொட்டகைக்கே காவக்காரனாயிட்டான். ஊருக்குப் போற கப்பல் வரும், போகும். தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு அவன் ஏறல. மாப்ளை வரட்டும், சேந்து போகலாம்னு இருந்தான். சோணமுத்து வரல.

கடைசியில ஒரு நாள், தங்கமேட்டுல இருந்து முதல் தங்க வண்டி இறங்கி வந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொட்டகை வாசல்ல நிறுத்தினாங்க. வண்டிக்காரன் வேலம்பட்டியான், நம்மூருப் பக்கந்தான். அடைக்கலம் ஓடினான்.

"அண்ணே, மேட்டுல சோணமுத்துன்னு ஒருத்தன்..."

"இருக்கான்யா. அவனைத் தெரியாதவன் யாரு? சுரங்கத்துல இடுப்புல அடி. இப்ப கொட்டகைய விட்டுட்டுத் தனிக் குடிசை போட்டிருக்கான். பலகைக் கதவு. அந்த மேட்டுலயே பித்தளைப் பிடி வச்ச கதவு அவனுதுதான்! துரைமாருக்குக் கூடக் கிடையாது."

"ஊருக்கு வர்றதப் பத்தி?"

வண்டிக்காரன் மாட்டைத் தட்டிக் குடுத்தான். "கேட்டேன். சிரிச்சான். சாயங்காலமானா வாசல்ல வந்து ரோட்டைப் பாத்துக்கிட்டு நிப்பான். அவ்வளவுதான்யா எனக்குத் தெரிஞ்சது."

அடைக்கலம் தண்ணி வாளியக் கீழ வைக்கவும் தோணாம நின்னான்.

ஆணியில தொங்குன சின்னவ, வண்டியில இருந்த இரும்புப் பெட்டியக் கூப்பிட்டா. "உள்ள இருக்குறவங்களே, எங்கக்காவைப் பாத்தீங்களா?"

உள்ள இருந்த தங்கத்துக்கு அவசரம், கப்பல் காத்துக்கிட்டு இருக்கு. இருந்தாலும் என்ன நெனச்சுச்சோ, மூடி இடுக்கு வழியா மெதுவாச் சொல்லிச்சு.

"பாத்தோம்மா. அவ எங்களை இப்பல்லாம் ஏறெடுத்தும் பாக்குறதில்ல. கதவுல தொங்குறா. யாரு வந்து அவளைப் பிடிச்சு இழுத்தாலும், வந்தது யாருன்னு பாக்கறதுக்கு முன்னாலயே, 'சின்னவளே, வந்துட்டியாடி?'ன்னு கேக்குறா."